சுண்ணாம்புப் படகு

டொம்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொம்.

உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னுலிங்கம் மொபெட்டை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் ராத்திரி ஷிப்டு பார்த்த மனுஷன். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த நட்டு லூசு என்று சொல்லிவிடுவார். இது இரும்பு இல்லை. தகரமும் இல்லை.

அலுமினியம்.

கையில் மயிர் சிலிர்த்தது. ஐம்பத்துமூன்று வயசில் ஒரு சத்தத்துக்குச் சிலிர்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சிலிர்த்தது.

வண்டியை உருட்டிக்கொண்டு போனார். ஆறு கடலில் சேருகிற முகத்துவாரம். கரையோரம் ஒரு ஓலைக் கொட்டகை. அதற்கு முன்னால் கவிழ்த்துப்போட்ட படகு ஒன்று வெயிலில் கண்ணைப் பறித்தது. சத்தம் அதன் அடியிலிருந்து வந்தது. ஆளைக் காணவில்லை. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பொன்னுலிங்கம் அந்தப் பாதங்களிடம் கேட்டார்.

"படகுக்குத் தட்டை அடியா, கூர் அடியா? குடும்பத்தோட போவதுக்கும் மீன் பிடிக்கதுக்கும் எது நல்லது?"

தட்டுவது நின்றது. பாதங்கள் உள்ளே போயின. அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி தவழ்ந்து வெளியே வந்தாள். முப்பத்தெட்டு வயசிருக்கும். கையில் மரச் சுத்தியல், தலையில் முண்டாசு, நெற்றியில் வெல்டிங் கண்ணாடி.

பெயர் பனிமயம். அந்தக் கரையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வாத்திச்சி என்பார்கள். படகு வாங்க வருகிறவனுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறவளை வேறு என்னவென்று சொல்வது? கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவளிடம் படகு வாங்கி, பிறகு விற்றவர்கள்தான் இல்லை.

பொன்னுலிங்கம் இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நாற்பது பக்கம். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் பார்த்துப் பார்த்து எழுதியது. பன்னிரண்டு அடி என்றால் என்ன சௌகரியம், பதினாலு என்றால் என்ன தொந்தரவு. தகடு எத்தனை மில்லி. எஞ்சின் எத்தனை குதிரைசக்தி. எந்த மாசம் மடவை மீன், எந்தத் தண்ணீரில் கொடுவா மீன். மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எதற்கு இவ்வளவு அவசரம் என்று மட்டும் கடைசியில் கேட்டாள்.

அதையும் சொன்னார். வேலையை விட்டு இரண்டு வாரமாகிறது. ஒரே மகள், நித்யகலா, நர்ஸ். குவைத்துக்குப் போகிறாள். இன்னும் இருபத்தைந்து நாள். நடுவில் நாலு ஞாயிற்றுக்கிழமை. இத்தனை வருஷமும் அவர் வீட்டுக்கு வரும்போது அவள் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்பாள், அவள் திரும்பும்போது இவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அந்த நாலு ஞாயிறும் மூன்று பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பனிமயம் கொட்டகைக்குள் போனாள். காலையில் சாப்பிட்டுக் கழுவிவைத்த தட்டையும், குழம்புக் கிண்ணத்தையும் எடுத்துவந்தாள். கரையோரம் குத்தவைத்து, இரண்டையும் தண்ணீரில் விட்டாள். இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடிச் சிப்பி.

தட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. கிண்ணம் கிடந்து தள்ளாடியது.

அந்த நேரம் பார்த்து ஒரு விசைப்படகு தூரத்தில் போயிற்று. அது கிளப்பிய அலை கரைக்கு வந்தது. தட்டு பட்டுப்பட்டென்று அடிவாங்கி, விளிம்பில் தண்ணீர் மொண்டு, சிப்பியோடு உள்ளே போய்விட்டது. கிண்ணம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அப்படியே மிதந்தது.

"அப்ப கிண்ணந்தான் நல்லதா?" என்றார் பொன்னுலிங்கம்.

"நிக்கவா, போவவா?"

கேட்டுவிட்டு, தட்டைத் துழாவி எடுத்துக்கொண்டு, அவள் மறுபடி படகுக்கு அடியில் போய்விட்டாள்.

டொம்.

*

மூன்று நாள் அந்தக் கேள்வி அவரைப் போட்டுப் பிசைந்தது.

நின்று வலை வீசினால் தட்டை அடி வேண்டும், கூர் அடி ஆளைக் கவிழ்த்துவிடும். மத்தியானம் கடல்காற்று எழும்பினபிறகு அலையை எதிர்த்து வீடு திரும்பக் கூர் அடி வேண்டும், தட்டை அடி முதுகெலும்பை உதிர்த்துவிடும். நோட்டில் நாற்பத்தொன்றாவது பக்கம் தொடங்கியது. சோற்றைப் பிசைந்தபடியே தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். என்ன செய்யுதிய, ரசம் சிந்துது என்றாள் மனைவி செண்பகவடிவு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மொபெட்டை விரட்டினார். பனிமயம் பூசைக்குப் போய்த் திரும்பி, தலையில் போட்ட சேலைத் தலைப்பைக்கூட இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நிக்கவும் வேணும், போவவும் வேணும்," என்றார்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். வாருங்க ஒரு கை பிடிங்க என்று, கவிழ்ந்துகிடந்த படகை அவரையும் சேர்த்துப் புரட்டிப்போட்டாள்.

முன்பக்கம் கத்தி மாதிரி கூர். அந்தக் கூர் பின்னால் வரவரத் தணிந்து, கடைசியில் அம்மி மாதிரி தட்டை. பதினாலு அடி. முன்னால் ஒரு பலகை, நடுவில் ஒரு பலகை, பின்னால் எஞ்சின் பிடிக்கிறவனுக்கு ஒரு பலகை. யாரோ செய்யச் சொல்லிவிட்டு வடக்கே மாற்றலாகிப் போய்விட்டானாம். ஆறு மாசமாகக் கிடக்கிறது.

பொன்னுலிங்கம் படகைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். தோளில் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்தார். தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அந்தத் தகட்டில் காலை வெயில் பட்டு அவர் மூஞ்சியெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

இன்றைக்கே கொண்டுபோகிறேன், மத்தியானத்துக்குள் வீட்டு ஆட்களைக் கூட்டிவந்துவிடுகிறேன் என்றார். பேச்சு குழறியது.

"நிக்கப் பாத்திய. போவப் பாத்திய," என்றாள் பனிமயம். "உக்காரப் பாத்தியளா?"

"உக்காரதுல என்ன இருக்கு? பலகை கெடக்கு, உக்காரணும்."

அவள் கொட்டகைக்குள் போய் ஒரு சுண்ணாம்புத்தூள் பையோடு வந்தாள். தண்ணீர் ஏறாத மேட்டு மணலில், படகை அளந்து அளந்து, அதே பதினாலு அடிக்கு ஒரு கோடு இழுத்தாள். கூர்முனை, வயிறு, பின்பக்கம். உள்ளே குறுக்கே மூன்று பட்டை, மூன்று பலகைக்கு. மணலில் ஒரு வெள்ளைப் படகு.

வருகிற ஞாயிறு வீட்டு ஆட்களோடு வரவேண்டும். ஒன்பதரைக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கும். வற்றி முடிய மூன்றரை ஆகும். அதுவரைக்கும் இதற்குள் உட்கார வேண்டும். கோட்டைத் தாண்டினால் தண்ணீரில் விழுந்ததாகக் கணக்கு. அது முடிந்தபிறகு படகைப் பற்றிப் பேசலாம்.

பொன்னுலிங்கத்துக்கு ரத்தம் ஏறியது. ஒரு ஞாயிறு இன்றோடு போயிற்று, இன்னொன்றை மணலில் உட்கார்ந்து தொலைக்கவா? என்ன விளையாட்டு இது? டவுனில் பைபர் படகுக் கடை இருக்கிறது, போனவுடன் கொடுப்பான் என்று சத்தம் போட்டார்.

தாராளமாப் போங்க அண்ணாச்சி, வழி தெரியுமா என்று கேட்டாள் அவள்.

அவர் மொபெட் வரைக்கும் போனார். திரும்பிப் படகைப் பார்த்தார். அத்தோடு அவர் கோபம் முடிந்துவிட்டது.

*

அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

செண்பகவடிவு புளிச்சோறு கட்டிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நித்யகலா குடை எடுத்துவந்தாள். படகு பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் பொன்னுலிங்கம் சொல்லியிருந்தார். மணலில் கிடந்த கோட்டைக் காட்டியதும் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"இதுக்கா ரெண்டு பஸ்ஸு?" என்றாள் செண்பகவடிவு. "கோலம் போட்டு உக்காரணும்னா நம்ம வாசல்லயே போட்டிருப்பேனே."

பனிமயம் மூன்று ஆரஞ்சு மிதவைச் சட்டைகளோடு வந்தாள். மைனி, கையை நீட்டுங்க என்று செண்பகவடிவுக்கு அவளே மாட்டிவிட்டாள். நல்ல சேலைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

உட்கார்ந்தார்கள். முன்னால் மகள், நடுவில் மனைவி, பின்னால் அவர். எஞ்சின் பிடிக்குப் பதிலாக ஒரு சவுக்குக் கம்பு.

பொன்னுலிங்கத்துக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வாயால் எஞ்சினைக் கிளப்பினார். டுர்ர் என்று மணலில் படகு புறப்பட்டது. அதோ அந்த அலையாத்திக் கூட்டத்துக்குக் கீழேதான் கொடுவா நிற்கும் என்றார். இப்ப வளையப்போறோம், பிடிச்சுக்கிடுங்க என்றார். செண்பகவடிவு யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே, பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் மணலைப் பிடித்துக்கொண்டாள்.

பார்க்கத்தான் செய்தார்கள். வலையைத் தோளில் போட்டுப் போன ஒருவன் நின்று, என்ன அண்ணாச்சி கரை தட்டிட்டா என்றான். அவனுக்குப் பின்னால் வந்தவன், தட்டலடே, டீசல் தீந்துபோச்சு என்றான்.

கொஞ்சம் கழித்து செண்பகவடிவு பனிமயத்தைக் கைகாட்டிக் கூப்பிட்டு, காதோடு ஒரு சந்தேகம் கேட்டாள். ஆறு மணி நேரமென்றால், பெண்பிள்ளைகள் அவசரத்துக்கு எங்கே போவது?

பனிமயம் ஆற்றுக்கு நடுவே தாழை வளர்ந்திருந்த ஒரு மணல்திட்டைக் காட்டினாள். முழங்கால் தண்ணீர்தான். பின்பக்கம் தட்டையாக இருக்கிற படகு என்றால் திருப்பி ஒதுக்கிவிடலாம் என்றாள். இப்போதைக்குக் கொட்டகைக்குப் பின்னால் போய்வரலாம், அது திட்டுக்கு இறங்கினதாகக் கணக்கு.

நாற்பத்தொரு பக்கத்தில் இது ஒரு வரி இல்லை. பொன்னுலிங்கம் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

மணி பத்தரை ஆயிற்று.

பத்தரை மணி என்பது அவருக்கு நடுச்சாமம். இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரத்துக்கு அவர் ஜன்னலைச் சாத்தி, துணியை முகத்தில் போட்டுப் படுத்திருக்கிறார். வேலையை விட்ட சங்கதி உடம்புக்கு இன்னும் தெரியாது. காற்று வந்தது. தண்ணீர் சளக் சளக்கென்று பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் கண்ணை மூடினால் என்ன என்று நினைத்தார்.

நினைத்தது மட்டும்தான் ஞாபகம்.

*

முகத்தில் நிழல் விழுந்திருந்தது.

தலைக்கு அடியில் மடித்த ஆரஞ்சுச் சட்டை. யாரோ அவரைப் படகின் நடுவில் நீளமாகக் கிடத்தியிருந்தார்கள். நடுப்பலகைக்கான சுண்ணாம்புப் பட்டை அவர் முதுகுக்கு அடியில் அழிந்துபோயிருந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. பேச்சு கேட்டது. மெல்லிய பேச்சு, ஈ பறக்கிற மாதிரி. அந்தச் சுருதியை அவர் எங்கேயோ கேட்டிருக்கிறார்.

"...மொத ஆறு மாசம் ராத்திரி ட்யூட்டிதான்னு சொல்லிட்டாங்கம்மா," என்றாள் நித்யகலா. "எனக்கு அதான் பயமா இருக்கு. பகல்ல தூக்கம் வருமா?"

"அப்பாட்ட கேளு."

"அப்பா தூங்குதாங்க."

"அப்ப எழும்பினப்புறம் கேளு. இடது பக்கம் என்ன கெடக்கு, பாரு."

"மணல்திட்டு. கொஞ்சம் வலது பக்கம் திருப்பும்மா."

பொன்னுலிங்கம் கண்ணைத் திறந்தார்.

மகள் பக்கத்தில் மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குடை பிடித்திருந்தாள். பின்பலகையில் செண்பகவடிவு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் சவுக்குக் கம்பு. கண் தூரத்தில், தண்ணீருக்கு மேலே. மூக்கு நுனியில் வியர்வை. அவளுக்கு அப்படி ஒரு முகம் இருப்பதை அவர் பார்த்ததில்லை. அவள் காலடியில் விரித்த துண்டில், பஸ் நிறுத்தத்தில் வாங்கிய முருங்கைக்கீரை பாதி உருவினபடி கிடந்தது.

தண்ணீர் வெகுதூரம் போயிருந்தது. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே சேறு பளபளத்தது. மணி இரண்டரை.

"முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு வந்துட்டோம்," என்றாள் செண்பகவடிவு. "ரெண்டு தடவ. திட்டுல எறங்கினோம். சாப்பிட்டோம். உங்களுக்கு எடுத்து வச்சிருக்கு."

"அம்மா ஒரு எடத்துல கோட்டுல இடிச்சிட்டா," என்றாள் மகள்.

"அது அலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாள் முழுக்கச் சிரித்துக் களைத்தவர்களின் சிரிப்பு.

பொன்னுலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னை எழுப்பியிருக்கலாம்லா."

செண்பகவடிவு அவரைப் பார்த்தாள். குறையாகச் சொல்லவில்லை, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"என்னைக்கு எழுப்பியிருக்கோம்?"

அந்த மெல்லிய பேச்சை எங்கே கேட்டோம் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம். இருபத்திரண்டு வருஷம்.

*

பனிமயம் வந்து, கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். ஒரு இடத்தில் விரலளவு அழிந்திருந்தது. அது அலை என்று செண்பகவடிவு முந்திக்கொண்டு சொன்னாள்.

"அண்ணாச்சி, அப்ப என்ன செய்ய?" என்றாள் பனிமயம். "இந்தப் படகுதானா, வேறயா?"

பொன்னுலிங்கம் நோட்டைத் தொடவில்லை. பின்பலகையில் கம்பைப் பிடித்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"இதே போதும்," என்றாள் செண்பகவடிவு, நாளெல்லாம் படகு விடுகிறவள் மாதிரி. "ஆனா நடுப்பலகைய எடுத்துருங்க. இவுகளுக்குப் படுக்க எடம் வேணும்."

பனிமயம் யோசித்தாள். நடுப்பலகைதான் இரண்டு பக்கத் தகட்டையும் இழுத்துப் பிடிக்கிறது. அதை எடுத்தால் வேறு வலு கொடுக்க வேண்டும். எட்டு நாள் ஆகும்.

எட்டு நாள் என்றால் வருகிற ஞாயிறும் போய்விடும். மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கு மறுநாள் விமானம். நித்யகலா குடையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆவட்டும்," என்றாள் செண்பகவடிவு. "பலகை குறுக்க கெடந்தா எப்படிப் படுப்பாக?"

"பலகை இருக்கட்டும்," என்றார் பொன்னுலிங்கம்.

"தூக்கம் வந்தா?"

"உக்காந்துக்கிடுதேன்."

பனிமயம் தலையாட்டினாள். பிறகு, வற்றி முடிய இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு, ஆனா நீங்க இனி உக்கார வேண்டியதில்ல என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

பொன்னுலிங்கம் அழிந்துபோன பட்டை இருந்த இடத்துக்கு நகர்ந்து, மனைவியைப் பார்க்க உட்கார்ந்தார். மகளைக் குடையை மடக்கச் சொன்னார்.

"பகல்ல தூக்கம் வராது," என்றார். "மொத மாசம் வரவே வராது. ஜன்னலுக்குக் கறுப்புத்துணி போடணும். அது மட்டும் போதாது. சொல்லுதேன், கேளு."

நித்யகலா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவர் துண்டைத் தன் மடிக்கு இழுத்து, கீரையில் ஒரு காம்பை எடுத்து, மனைவி விட்ட இடத்திலிருந்து உருவத் தொடங்கினார்.